குடையக்கா பூசிய கறுப்பு

குடையக்காவுக்குப் பயம் என்பது பசி மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் மூன்று தடவை மோந்து பார்ப்பாள். எதிரே நாய் வந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். கட்டிக்கொண்டது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. ஆனால் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட லிஃப்டில் ஏறியதில்லை. "நான் ரிப்பேர் பண்ணின லிஃப்டையே நம்ப மாட்டேங்கறா, என்னை எங்க நம்பப் போறா" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார். பக்கத்து வீட்டில் பாலைத் தீய விட்டதற்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்த மகராசி அவள். தம்பி முதுகில் இருந்த மச்சத்தைக் காட்ட அவனை மூன்று டாக்டர்களிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று பேரும் அது மச்சம்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போகச் சிரிக்க இடம் கம்மி.

குடையக்கா என்று பெயர் வந்ததற்கும் பயம்தான் காரணம். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது யாரோ வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கழுவி வந்த படத்தில் இவள் கண் இரண்டும் சிவப்பாக எரிந்தன. தம்பி அப்போது பொடியன். "அக்காவுக்குள்ள பேய் இருக்கு" என்று வீடு பூராவும் ஓடி ஓடிச் சொன்னான். ஒரு வாரம் இவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவ மாட்டேன் என்று அழுதாள்.

அந்தப் பேயைத் துரத்தத்தானோ என்னவோ, வளர்ந்ததும் கேமராவையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். சாவி செய்கிறவர் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஸ்டூடியோ. ஆள் முகம்தான் அவளுக்குப் பிழைப்பு. ஃப்ளாஷைக் கேமராவின் மண்டையில் மட்டும் மாட்டவே மாட்டாள். தனி ஸ்டாண்டில், ஆளுக்குப் பக்கவாட்டில், தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நிற்கும் அது. அதன் முன்னால் ஒரு வெள்ளைக் குடையை விரிப்பாள், இல்லையென்றால் துணி மூடிய பெரிய பெட்டியை மாட்டுவாள். குத்துகிற வெளிச்சம் அதற்குள் புகுந்து பூவாக வெளியே வரும். மறுபக்கம் நிழல் கறுத்துப் போகாமலிருக்க ஒரு தெர்மோகோல் பலகை. வெளி வேலைக்குப் போகும்போது, மொட்டை வெயிலில், அந்தக் குடையை விரித்துத் தன் தலைக்கும் பிடிக்காமல் அடுத்தவர் தலைக்கும் பிடிக்காமல் ஸ்டாண்டுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊர் சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது.

ஆனால் வேலை சுத்தம். அவள் எடுத்தால் எந்த முகமும் எண்ணெய் வழியாது, எந்தக் கண்ணும் சிவக்காது. கண்மணி கறுப்பாக, அதன் ஓரத்தில் குடையின் வெள்ளைப் புள்ளி ஒன்று உயிரோடு நிற்கும். தன்னைப் பிடிக்காதவர்கள்கூடத் தன் படத்தைப் பார்த்து, பரவாயில்லை, நாம் அழகுதான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்குவார்கள்.

ஒரு தடவை கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் படம் எடுக்கப் போனாள். வாசல் சுவரில் மாட்டுவதற்காம். டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சென்று அடித்ததால் குடையை ஏற்றுவதும் இறக்குவதுமாக அரைமணி நேரம் போயிற்று.

"ஏம்மா, கேமரா மேலயே மாட்ட இடம் இருக்கே. அங்க வைக்காம ஏன் இவ்ளோ பாடு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அங்க வச்சா கண்ணு சிவப்பா விழும் டாக்டர். சின்ன வயசுல அதைப் பேய்னு பயந்தவ நான், எனக்கு அது ஆகாது."

"எங்களுக்கு அந்தச் சிவப்பு நல்ல செய்திம்மா. வெளிச்சம் நேரா உள்ள போய், கண்ணோட பின்சுவத்துல பட்டு, போன வழியே திரும்பி வருது. அந்தச் சுவர் சிவப்பு. பக்கத்துல இருந்து அடிச்சா திரும்பி வர்றது கேமராவுல படாது. அவ்வளவுதான் உன் பேய்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "சின்னக் குழந்தைங்க போட்டோல ஒரு கண்ணு சிவப்பாவும் ஒரு கண்ணு வெள்ளையாவும் விழுந்தா என்கிட்ட அனுப்பு. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் அனுப்பு."

"சரிங்க டாக்டர், கொஞ்சம் தாடையை இறக்குங்க" என்றாள் குடையக்கா. அவள் கவலையெல்லாம் மூக்குக்கண்ணாடியில் இருந்தது. அது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

தம்பி இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லேட்டாகக் கல்யாணம், லேட்டாக ஒரு பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தபோது, "இது என்னடா, பொட்டலமா" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து குழந்தைக்குப் பொட்டலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குடையக்காவுக்குப் பிள்ளை இல்லை. பொட்டலம்தான் அவளுக்கு எல்லாம். மாதா மாதம் குழந்தை பிறந்த தேதியில், தம்பி மனைவி பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருவாள். பெரிய பெட்டி வெளிச்சம், தெர்மோகோல் பலகை, வெள்ளைத் துணி. ஒரு படம். பதினெட்டு மாதம், பதினெட்டுப் படம், ஸ்டூடியோச் சுவரில் ஒரே வரிசை. கீழே சாவிக்கடைக்கு வருகிறவர்கள்கூட மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதினாறாவது மாதத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. தம்பி மனைவி போனில் ஒரு படம் அனுப்பினாள். யாரோ சிநேகிதி வீட்டில், அப்பா தோளில் உட்கார்ந்து பொட்டலம் சிரிக்கிறது. "அக்கா, சிரிப்பு அள்ளுது. ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா விழுந்துடுச்சு. சரி பண்ணிக் குடுங்க." அன்றைக்குப் பாஸ்போர்ட் படத்துக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள். குடையக்கா கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள், கறுப்பைத் தொட்டாள், கண்மணியில் ஒரு பூச்சு, ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டு, காதை மறைக்கிற முடியை ஒதுக்கச் சொன்னாள். தம்பி மனைவி அந்தப் படத்தைப் போனைத் திறந்தாலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

பதினெட்டாவது மாதப் படம் எடுத்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை காலை. தம்பி வீட்டு மேல்மாடிக்காரர் முந்தின நாள் சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரத்தில், போனில் எடுத்த படமொன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பொட்டலம் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறது. வலது கண் சிவப்பு. இடது கண், பால் ஊற்றின மாதிரி வெள்ளை. அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "குடையக்கா கிட்ட குடுங்க, மாத்திடுவாங்க."

குடையக்கா பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கை மவுஸின் மேல் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு கண்ணு சிவப்பாவும் ஒரு கண்ணு வெள்ளையாவும் விழுந்தா.

அவளுக்குத் தெரிந்த பயமெல்லாம் வாயாடிப் பயம். உடனே கத்த வைக்கும், ஓட வைக்கும், யாரையாவது கூப்பிட வைக்கும். இது அப்படி இல்லை. பழைய ஃபோல்டரைத் திறந்து தேடினாள். பூசுவதற்கு முன்னால் வந்த படம் அப்படியே கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். அதே இடது கண். அதே வெள்ளை. இரண்டு மாதம் முன்னால் அது அவள் கைக்கே வந்திருக்கிறது. அவளே அதற்குக் கறுப்பு பூசி, அழகு பார்த்து, திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

சுவரில் பதினெட்டுப் பொட்டலங்கள் சிரித்தன. ஒன்றில்கூட எதுவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெரியக்கூடாது என்றுதானே முப்பது வருஷமாக ஃப்ளாஷைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். வகுப்புக்கு நடுவில் எடுத்தான்.

"அக்கா, ஆரம்பிச்சிட்டியா? போன் போட்டோ அது. ஏதாவது கண்ணாடி வெளிச்சம் பட்டிருக்கும். என் மச்சம் ஞாபகம் இருக்கா?"

"இது அது இல்லடா."

"அப்பவும் இதையேதான் சொன்னே."

தம்பி மனைவியிடம் பேசினாள். நாத்தனார் வாயிலிருந்து பெற்ற பெண்ணின் கண்ணில் குறை என்று வந்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? "என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கறுப்பு பூசியதைக் குடையக்கா இருவரிடமும் சொல்லவில்லை.

நம்ப மாட்டார்கள். நம்பாதபடி ஆக்கியது யார்? தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டவள்தான். தன் மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிறகு மறுபடியும் போன் போட்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பொய் சொன்னாள். "சாயங்காலம் மூணு பேரும் வாங்கடா. ஜன்னல்ல வைக்க ஒரு குடும்பப் படம் வேணும்."

அவர்கள் வருவதற்குள் ஸ்டாண்டிலிருந்து ஃப்ளாஷைக் கழற்றினாள். குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். ஃப்ளாஷைக் கேமராவின் மண்டையில் தள்ளி, திருகி, இறுக்கினாள். திரைகளை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கினாள், கண்மணி நன்றாக விரிய வேண்டும் என்று. முதலில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி ஒன்று எடுத்தாள். ஒன்பது வயதில் பார்த்த அதே பேய், இரண்டு கண்ணும் சிவப்பு. இந்தத் தடவை அதைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை.

தம்பி சாக்பீஸ் தூளோடு வந்து உட்கார்ந்தான். ஒரு படம். சிவப்பு, சிவப்பு. தம்பி மனைவியை உட்கார வைத்தாள். சிவப்பு, சிவப்பு. "என்னக்கா இது, இவ்ளோ கேவலமா எடுக்கறீங்க" என்று அவள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். குடையக்கா குழந்தையைக் கைகாட்டினாள்.

பொட்டலத்தை அம்மா மடியில் வைத்தார்கள். கீழேயிருந்து கொண்டுவந்த சாவிக்கொத்தைத் தம்பி கேமராவுக்குப் பின்னால் ஆட்டினான். குழந்தை நேராகப் பார்த்தது. குடையக்கா அழுத்தினாள். திரையில் இரண்டு சிவப்பு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கடவுளே, நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

"முடிஞ்சுதா?" என்று தம்பி சாவிக்கொத்தை ஓரமாக வீசினான். அது விழுந்த பக்கம் பொட்டலம் கண்ணைத் திருப்பியது. குடையக்காவின் விரல் தானாக அழுத்திவிட்டது.

வெள்ளை.

மறுபடி எடுத்தாள். வெள்ளை. இடம் மாறி நின்று எடுத்தாள். வெள்ளை.

நான்கு பேர் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வைத்தாள். கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். "பாப்பா திரும்பிப் பார்த்துச்சு, அதனால இருக்கும்" என்றான். குடையக்கா அவனையே உட்கார வைத்து, அதே மாதிரி திரும்பச் சொல்லி எடுத்தாள். சிவப்பு. அவன் மனைவியையும் அப்படியே எடுத்தாள். சிவப்பு. எட்டுக் கண்ணில் ஒரு கண்தான் வெள்ளை. அவனுக்கு இதற்கு மேல் வழி போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், பிறகு அது தன்னுடையது இல்லை என்று எடுத்து மேஜையில் வைத்தான்.

"எந்த டாக்டர்க்கா?" என்றான்.

அன்று இரவே டாக்டரம்மா கண்ணில் மருந்து விட்டு விளக்கடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுவே குடையக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் குழந்தையை மயக்கத்தில் வைத்து முழுசாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது முடியும்வரை வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் ஒற்றைச் செருப்பு தம்பி கையில் இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து, அவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இடது கண்ணுக்குள்ள ஒரு புற்றுநோய்க் கட்டி இருக்கு. ஓரத்துலேர்ந்து வளர்ந்திருக்கு, அதான் திரும்பினப்போ மட்டும் வெளிச்சம் அதுல பட்டு வெள்ளையா விழுந்திருக்கு. பெருசாயிடுச்சு. அந்தக் கண்ணுல பார்வை ஏற்கனவே போயிடுச்சு. ஆனா கட்டி கண்ணைத் தாண்டிப் போகல. அதனால உயிரைப் பத்தி எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கு. கண்ணை எடுத்துடணும்."

தம்பி மனைவி "சரி" என்றாள். என்ன கேட்டோம், எதற்குச் சரி என்றோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

"எப்பத்திலேர்ந்துன்னு தெரியணும். பழைய போட்டோ எதுலயாவது வெள்ளையா விழுந்திருக்கா?"

"அக்கா மாசா மாசம் எடுத்திருக்காங்க டாக்டர். ஒண்ணுலயும் இல்ல" என்று தம்பி போனில் அந்த வரிசையைக் காட்டினான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இவ்ளோ அழகா எடுத்தா எப்படித் தெரியும்" என்றார். குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவியின் மடியில் போன் ஒளிர்ந்தது. அப்பா தோளில் பொட்டலம். இரண்டு கண்ணும் கறுகறுவென்று, ஓரத்தில் வெள்ளைப் புள்ளியோடு. சும்மா இருந்துவிடலாம். கேட்பார் இல்லை. பழைய படம் ஸ்டூடியோவில் ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது, அழித்தால் அழிந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பயந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் வந்த பயத்தின் முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. பொட்டலத்தை இனிமேல் கையில் தர மாட்டார்கள் என்ற பயம் அது.

"இதுல இருந்துச்சு" என்றாள் போனைக் காட்டி. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. வெள்ளையா இருந்துச்சு டாக்டர். நான் கறுப்பு பூசிட்டேன்."

டாக்டரம்மா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்பவே வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?" என்று குடையக்கா கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "தப்பிச்சிருக்கும்னும் சொல்ல முடியாது, தப்பிச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

தம்பி மனைவி எழுந்தாள். வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தம்பி செருப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். அக்கா மேல் கோபப்படவா, மனைவியிடம் போகவா என்று தெரியாமல் கடைசியில் இரண்டையும் செய்யவில்லை.

கண்ணை எடுத்தார்கள். ஆறின பிறகு, வலது கண்ணைப் பார்த்து வண்ணம் சேர்த்த செயற்கைக் கண் ஒன்றைப் பொருத்தினார்கள். வலது கண்ணிலும் வந்துவிடக்கூடும், சில வருஷம் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். தம்பி மட்டும் வாரம் ஒரு தடவை மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போவான். தம்பி மனைவி வரவில்லை. ஐந்து மாதம், பிறந்த தேதி வந்து வந்து போனது. குடையக்கா அந்தத் தேதிகளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், பெட்டி வெளிச்சத்தை ஏற்றி, வெள்ளைத் துணியை விரித்து, சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு மடித்து வைப்பாள். பதினெட்டுப் படத்தையும் அவள் கழற்றவில்லை, ஆனால் அந்தச் சுவர் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்தாள்.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தக் குழந்தை வந்தாலும், குடையோடு எல்லாப் படத்தையும் எடுத்து முடித்துவிட்டு, விளக்கை அணைத்து, ஃப்ளாஷை மண்டையில் மாட்டி, நேராக ஒன்று, ரெண்டு பக்கமும் திரும்ப வைத்து ஒவ்வொன்று எடுப்பாள். திரையைப் பார்க்கும்வரை மூச்சு விட மாட்டாள். நாலு பேரை டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு அம்மா திரும்பி வந்து, குலைநடுங்க வைத்துவிட்டாய் என்று திட்டிவிட்டுப் போனாள். குடையக்கா கைகட்டி நின்று, சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஆறாவது மாதம், பிறந்த தேதியில், படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி இடுப்பில் பொட்டலத்தோடு நின்றாள். முடி வளர்ந்து, இன்னும் ரெண்டு பல் கூட முளைத்திருந்தது. "அத்த" என்று கையை நீட்டியது. குடையக்காவுக்குக் கை நீட்டத் தைரியம் வரவில்லை. குழந்தையே தாவி வந்தது.

வழக்கம்போல் எடுத்தாள். பெரிய பெட்டி, தெர்மோகோல், ஒரு படம். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. எது எந்தக் கண் என்று தெரியாதவர்களுக்குத் தெரியவே தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவி எழுந்திருக்கவில்லை.

"நான்தான் சரி பண்ணச் சொன்னேன்" என்றாள். "வெள்ளையா இருக்குன்னு நானேதான் எழுதினேன். உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எத்தனை தடவை பார்த்திருப்பேன். பெத்தவ நான்." குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டு, "உங்க மேல கோவப்பட்டா கொஞ்சம் லேசா இருந்துச்சுக்கா" என்றாள்.

குடையக்கா தெர்மோகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாக் குழந்தைக்கும் கடைசியா ஒண்ணு எடுக்கறீங்களாமே. இவளுக்கும் எடுங்க."

"டாக்டரம்மா பார்க்கறதுதான் சோதனை. இது ஒண்ணும்…"

"தெரியும். எடுங்க."

குடையக்கா திரையை இழுத்தாள். விளக்கை அணைத்தாள். குடையை மடக்கி, ஃப்ளாஷை மண்டையில் திருகினாள். இருட்டில் இரண்டு பெண்பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் பொட்டலம் தன் பாட்டுக்கு ஏதோ பாடியது. நேராக ஒன்று. சாவியை ஆட்டி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. திரையைப் பார்க்கக் குடையக்காவுக்குக் கழுத்து திரும்ப மறுத்தது.

"அக்கா" என்றாள் தம்பி மனைவி. "சிவப்பா?"

இடது கண்ணில் ஒன்றுமே இல்லை. வலது கண், மூன்று படத்திலும், ஒன்பது வயதில் அவளை ஒரு வாரம் தூங்க விடாத அதே நிறத்தில் எரிந்தது.

"சிவப்பு" என்றாள் குடையக்கா. "நல்ல சிவப்பு."

அடுத்த மாதம் தேதி என்ன கிழமை என்று தம்பி மனைவி காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குழந்தைக்குச் செருப்பு மாட்டினாள்.